டேபிள் காலியாத்தானே கிடக்கு?

என் சித்தப்பாவுக்கு ஹெர்னியா. குடலிறக்கம் என்று சீட்டில் எழுதியிருந்தது. நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு விவசாயம். கட்டு தூக்கித் தூக்கித்தான் வந்தது என்பது சித்தி கட்சி. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையில் (பெயர் வேண்டாம்) ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்கள். முந்தின இரவு பத்து மணிக்குச் சாப்பாட்டை நிறுத்தி, காலையில் பச்சை கவுன் மாட்டி, பிற்பகல் மூன்றரை வரை வெறும் வயிற்றோடு படுக்கவைத்து, "இன்னிக்கு இல்லைங்க ஐயா" என்று அனுப்பிவிட்டார்கள். பதினைந்து நாள் கழித்து இரண்டாவது தேதி. அன்றும் அதே கதைதான். ஆனால் அன்று சித்தப்பா ஒன்றைப் பார்த்துவிட்டார்.

"தியேட்டர் வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போய்த் திருப்பிட்டாங்கடா. மூணாம் நம்பர் ரூம்ல லைட்டே எரியல. டேபிள் காலியாத்தானே கிடக்கு? வேலை செய்ய வலிக்குது இவங்களுக்கு."

மஞ்சக்குப்பத்தில் டீக்கடையில் இதைச் சொன்னதும் ஆளுக்கொரு தீர்ப்பு. காசு கொடுத்தால் உடனே நடக்கும் என்றார் ஒருவர். இன்னும் நாலு தியேட்டர் கட்டினால் தீர்ந்தது என்றார் இன்னொருவர். எமர்ஜென்சி எப்போ வரும்னு யாருக்குத் தெரியும், அதுக்கெல்லாம் பிளான் போட முடியுமா என்று மூன்றாமவர் கையை விரித்தார். மூன்றும் நாம் அடிக்கடி கேட்கிற பேச்சு. முதலாவதை விட்டுவிடுகிறேன். மற்ற இரண்டும் தவறு என்பதைக் கணக்கோடு சொல்லலாம். சித்தப்பா சொன்னதில் மட்டும் பாதி உண்மை இருந்தது. அது எந்தப் பாதி என்பது கடைசியில்.

நான் டாக்டர் இல்லை. பொறியியல் கல்லூரியில் வரிசைக் கோட்பாடு நடத்துகிறவன். வருகிறவர்கள் எத்தனை பேர், கவுன்ட்டர் எத்தனை, காத்திருப்பு எவ்வளவு என்று கணக்கிடும் பாடம் அது. தியேட்டருக்குள் நடப்பதைப் பக்கத்து வீட்டு சிஸ்டர் ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இருபது வருஷம் ஓ.டி.யிலேயே வேலை பார்த்தவர்.

பந்தியில் தொடங்குவோம்

கல்யாண மண்டபத்து டைனிங் ஹாலில் ஒரே நேரத்தில் முந்நூறு பேர் உட்காரலாம். மூன்று மணி நேரத்தில் எத்தனை பேர் சாப்பிட்டு முடிப்பார்கள்? நாற்காலியை எண்ணினால் பதில் வராது. சாப்பிட இருபத்தைந்து நிமிடம் ஆகும். எழுந்ததும் இலையோடு பேப்பரைச் சுருட்டி எடுத்து, மேசையைத் துடைத்து, புதுப் பேப்பர் விரித்து, இலை போட்டு, தண்ணீர் பாட்டில் வைத்து, உப்பும் ஊறுகாயும் வைக்கப் பதினைந்து நிமிடம். பரிமாற இருபது பேர் வருவதாகச் சொல்லிப் பன்னிரண்டு பேர் வந்திருந்தால், கடைசி நாலு வரிசையை மூடிவிட வேண்டியதுதான். சாம்பார் அண்டா இறங்கவில்லை என்றால் எல்லோரும் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கை கழுவும் இடத்தில் கூட்டம் தேங்கினாலோ, சாப்பிட்டவர் எழ முடியாமல் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்பார்.

ஆபரேஷன் தியேட்டரும் இப்படித்தான். டேபிள் என்பது நாற்காலி மட்டுமே. அறுவை செய்யும் டாக்டர், மயக்க மருந்து டாக்டர், கத்தி கத்தரி எடுத்துக் கொடுக்கும் சிஸ்டர், டெக்னீஷியன், தூக்கி மாற்றும் ஊழியர், ஆட்டோகிளேவில் வைத்துக் கிருமி நீக்கிய கருவி செட், தேவைப்பட்டால் ரத்தம் என எல்லாம் ஒரே நேரத்தில் ஒரே அறையில் கூட வேண்டும். முடிந்த பிறகு நோயாளி கண் விழிக்கும் வரை கவனிக்க ரெக்கவரி அறையில் ஒரு படுக்கை வேண்டும். அது காலியாகவில்லை என்றால், ஆபரேஷன் முடிந்தவர் டேபிளிலேயே கிடப்பார். கை கழுவ இடமில்லாமல் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் மாதிரி.

இவ்வளவும் சேர்ந்து, ஒரு வேலை நாளில் பாதுகாப்பாகச் செய்து முடிக்கக்கூடிய ஆபரேஷன் நேரத்தைத்தான் தியேட்டரின் கொள்ளளவு என்கிறோம். எது குறைவாக இருக்கிறதோ அதுதான் கொள்ளளவைத் தீர்மானிக்கும். நாலு டேபிளும் இரண்டு மயக்க மருந்து டாக்டரும் இருந்தால் அது இரண்டு டேபிள் தியேட்டர். நாலு தியேட்டர் புதிதாகக் கட்டச் சொன்ன டீக்கடை நண்பர், இன்னும் நாலு மேசை வாங்கிப் போடச் சொல்கிறார். பரிமாற ஆள் அதே பன்னிரண்டு பேர்தான்.

ஒரு சின்னக் கணக்கு. காலை எட்டு மணியிலிருந்து மாலை நாலு வரை 480 நிமிடம். ஒவ்வொன்றும் 75 நிமிட ஆபரேஷன். வகுத்துப் பார்த்தால் ஆறு கேஸ் வரும். ஆனால் ஒவ்வொருவருக்கும் மயக்கம் கொடுத்துத் தயார் செய்ய 20 நிமிடம், கடைசியில் எழுப்பி வெளியே அனுப்ப 10 நிமிடம், ஒருவர் போய் அடுத்தவர் வருவதற்குள் தரை துடைத்து, டேபிள் மாற்றி, புது செட் பிரிக்க 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு கேஸுக்கே 300-ம் 120-ம் 60-ம் கூடி 480 ஆகிவிடுகிறது. ஆறு என்று நினைத்த இடத்தில் நாலு. அந்த இரண்டைச் சோம்பேறித்தனம் தின்னவில்லை. பந்தி மாற்றும் நேரம் தின்றது.

இந்த மாற்றும் நேரத்தை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிக் காட்டியவர்களும் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கடலூர் ரோட்டில் தவளக்குப்பத்தில் இருக்கிற அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்க்காதவர் நம் பக்கம் குறைவு. 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அந்த நிறுவனத்தின் முறை இது: கண்புரை ஆபரேஷனில் ஒரு டாக்டருக்கு இரண்டு டேபிள். ஒன்றில் அவர் அறுவை செய்யும்போதே அடுத்ததில் அடுத்தவரைப் படுக்கவைத்துத் தயார் செய்துவிடுகிறார்கள். முடிந்ததும் மைக்ராஸ்கோப் பக்கத்து டேபிளுக்குத் திரும்புகிறது. அப்படியானால் எல்லா மருத்துவமனையும் இப்படிச் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். முடியாது. கண்புரை அநேகமாக ஒரே மாதிரி வேலை, சில நிமிடம், முழு மயக்கம் வேண்டாம், நடுவில் விபத்துக் கேஸ் வந்து அன்றைய ஆபரேஷன் லிஸ்டைக் கலைக்காது. பொது மருத்துவமனைத் தியேட்டரில் இந்த நான்கில் ஒன்றுகூட உத்தரவாதம் கிடையாது.

இதுவரை சொன்னதில் ஒன்றை மனதில் வைத்தால் போதும்: டேபிளை எண்ணிக் கொள்ளளவைச் சொல்ல முடியாது. ஆள், கருவி, படுக்கை, மாற்றும் நேரம் எல்லாம் சேர்ந்ததுதான் அது.

அவசரத்திலும் படிகள் உண்டு

எமர்ஜென்சி என்றால் சைரன், ரத்தம், ஓட்டம் என்றுதான் நமக்குப் படம் ஓடுகிறது. தியேட்டர் லிஸ்ட் போடுகிறவருக்கு அந்த ஒரு சொல் போதாது. எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் அவர் கேள்வி. பிரிட்டனில் 2004-ல் வகுத்த ஒரு பிரிப்பைப் பல நாடுகளில் பின்பற்றுகிறார்கள். அதில் நாலு படிகள்.

முதல் படி, நிமிடக் கணக்கு. ஈ.சி.ஆரில் பைக் மோதி மண்ணீரல் கிழிந்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டுகிறது. கருக்குழாயில் கரு தங்கி அது வெடித்துவிட்டது. பிரசவத்தில் குழந்தைக்கு முன்னால் தொப்புள்கொடி இறங்கிவிட்டது. இவர்களுக்கு எந்த டேபிள் கிடைக்கிறதோ அதுதான் டேபிள்.

இரண்டாம் படி, மணிக் கணக்கு. குடலில் ஓட்டை, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்த முறிவு, வீங்கிய குடல்வால். மூன்றாம் படி, நாள் கணக்கு. நாலாவது, தேதி போட்டுச் செய்வது. மருத்துவமனைப் பேச்சில் எலெக்டிவ். பித்தப்பைக் கல், மூட்டு மாற்று, சித்தப்பாவின் ஹெர்னியா எல்லாம் இதில் வரும்.

தேதி போட்டுச் செய்வது என்றால் செய்யாவிட்டாலும் பரவாயில்லை என்று அர்த்தமில்லை. புற்றுநோய்க் கட்டி எடுப்பதும் தேதி போட்டுத்தான். ஹெர்னியாவைத் தள்ளிக்கொண்டே போனால், ஒரு நாள் குடல் அந்த ஓட்டையில் இறுகி மாட்டிக்கொண்டு, நாலாம் படியில் இருந்தவர் இரவோடு இரவாக இரண்டாம் படிக்கு ஏறிவிடலாம்.

முதல் படி ஆட்களைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. வழியை விட்டுவிடுவார்கள். திட்டமிடுகிறவர் தூக்கத்தைக் கெடுப்பது இரண்டும் மூன்றும்தான். பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த எழுபத்தெட்டு வயது ஆயாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை, இரண்டு நாளுக்குள் ஆபரேஷன் நடப்பது நல்லது. அதற்கு மேல் படுக்கையிலேயே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும். ஆனால் இன்றைக்கு ராத்திரியே செய்யாவிட்டால் உயிர் போய்விடாது. அதனால் என்ன நடக்கிறது? நாளைக்குப் பார்க்கலாம் என்று பட்டினி போடுகிறார்கள். மறுநாள் குடல் ஓட்டையோடு ஒருவர் வருகிறார். ஆயா தள்ளிப்போகிறார். மாலை ஆறு மணிக்குக் கஞ்சி. ராத்திரி மறுபடி பட்டினி. அவசரம் என்ற பெயரில் வந்து அவசரமே இல்லாமல் காத்திருக்கிறார்.

திடீரென்று வந்தவர் எல்லோரும் அவசரமானவர் என்றால் யாருமே அவசரமானவர் இல்லை என்றாகிவிடும். படி பிரிப்பது அதற்காகத்தான்.

யார் வருவார் தெரியாது, எத்தனை பேர் என்று தெரியும்

எமர்ஜென்சிக்குத் திட்டமிட முடியாது என்ற பேச்சுக்கு வருவோம். நாளைக்கு எந்த ஊர்க்காரர், எந்த முனையில், எத்தனை மணிக்கு விழுவார் என்று யாராலும் சொல்ல முடியாது. வாஸ்தவம். ஆனால் ஒரு மருத்துவமனையின் தியேட்டர் ரிஜிஸ்டரை ஒரு வருஷத்துக்குப் புரட்டினால், ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை அவசர ஆபரேஷன் என்று பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். தேதி, நேரம், என்ன ஆபரேஷன், எப்போது தொடங்கி எப்போது முடிந்தது எல்லாம் சிஸ்டர் கையெழுத்தில் அதில் இருக்கும். அந்த நீள நோட்டைவிட நல்ல ஜோசியர் கிடையாது.

சராசரி மூன்று என்று வைப்போம். அதற்காகத் தினமும் மூன்று இடம் ஒதுக்கினால் சரியாகப் போகுமா? இங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள். தொடர்பில்லாமல் தனித்தனியாக நடக்கும் சம்பவங்கள் எப்படிச் சிதறும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 1837-ல் எழுதிய பிரெஞ்சுக் கணிதர் புவாசோன் பெயரில் அதைச் சொல்வார்கள். (புதுச்சேரிக்காரர்களுக்கு உச்சரிப்பைச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் வகுப்பில் பாய்ஸன் என்றால் விஷம் என்று எழுதிய பையன்கள் உண்டு.) சராசரி மூன்று என்றால், அந்தக் கணக்குப்படி சரியாக மூன்று பேர் வரும் நாட்கள் நூற்றுக்கு 22 மட்டுமே. 42 நாட்களில் மூன்றுக்குக் குறைவு. 35 நாட்களில் மூன்றுக்கு மேல். ஐந்து நாட்களில் ஒருவர்கூட வரமாட்டார். எட்டு நாட்களில் ஆறு பேருக்குக் குறையாமல் வருவார்கள்.

மூன்று இடம் ஒதுக்கினால் மூன்று நாளில் ஒரு நாள் பற்றாது. ஐந்து இடம் ஒதுக்கினால் நூற்றுக்கு எட்டு நாள்தான் பற்றாது, ஆனால் சராசரியாக இரண்டு இடம் சும்மா கிடக்கும். அந்த இரண்டைத்தான் வெளியில் இருந்து பார்க்கிறவர் வீண் என்கிறார்.

எத்தனை வைப்பது என்பதற்குக் கணிதத்தில் விடை இல்லை. எத்தனை நாள் பற்றாமல் போனால் பொறுத்துக்கொள்வோம் என்று ஒரு மருத்துவமனை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதற்கு எத்தனை இடம் வேண்டும் என்பதை மட்டுமே கணிதம் சொல்லும்.

நிரம்ப நிரம்ப நகராது

சனிக்கிழமை சாயங்காலம் ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரிக்குள் நுழைந்தவர்களுக்கு ராஜீவ் காந்தி சிலை சிக்னலைப் பற்றி நான் சொல்ல வேண்டாம். அங்கிருந்து இந்திரா காந்தி சிலை வரை உள்ள தூரம் செவ்வாய்க்கிழமை காலையில் சில நிமிடம். சனிக்கிழமை அதே ரோடு, அதே அகலம், வண்டி மட்டும் கொஞ்சம் கூடுதல். ஆனால் நேரம் கொஞ்சமாகவா கூடுகிறது? கொள்ளும் அளவை ரோடு நெருங்க நெருங்க, கடைசியாக வந்து சேரும் ஒவ்வொரு வண்டியும் முன்னால் வந்தவற்றைவிடப் பல மடங்கு கெடுதல் செய்கிறது.

தியேட்டருக்கும் இதே குணம் உண்டு. கிடைக்கும் நேரத்தில் எத்தனை பங்கு உண்மையில் வேலையில் இருக்கிறது என்பதைப் பயன்பாட்டு விகிதம் என்கிறோம். ஒரே ஒரு டேபிள், சராசரி ஒரு மணி நேர ஆபரேஷன், முன்னறிவிப்பு இல்லாமல் வரும் நோயாளிகள் என்ற எளிய நிலையை எடுத்துக்கொள்வோம். பயன்பாடு 50 சதவீதம் என்றால் சராசரிக் காத்திருப்பு 1 மணி நேரம். 80 சதவீதத்தில் 4 மணி நேரம். 90-ல் 9. 95-ல் 19 மணி நேரம்.

90-லிருந்து 95-க்குப் போகும் அந்த ஐந்து சதவீதத்துக்கு விலை பத்து மணி நேரம். டேபிளை ஒரு நிமிடமும் சும்மா விடாதே என்று உத்தரவு போடும் நிர்வாகி, தனக்குத் தெரியாமலே குடல் ஓட்டைக்காரரை வாசலில் நிறுத்துகிறார்.

இந்தக் கணக்கு மருத்துவமனையில் பிறந்ததில்லை. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதர் 1909-ல் இந்தத் துறையைத் தொடங்கி வைத்தார். எத்தனை லைன் இருந்தால் பேச அழைப்பவருக்கு லைன் கிடைக்கும் என்பது அவர் பிரச்சினை. நிஜத் தியேட்டரில் பல டேபிள் இருக்கும், ஆபரேஷன் நேரம் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும், படிகள் வேறு இருக்கும். எண்கள் இப்படியே வராது. காத்திருப்பு ஏறுவதை வரைந்தால் வரும் வளைவின் வடிவம் மட்டும் மாறாது: ரொம்ப தூரம் சமதரை மாதிரி போய், கடைசியில் செங்குத்து.

ஆபரேஷன் நேரமும் ஒரு பக்கமாகத்தான் சாயும் என்று சிஸ்டர் சொன்னார். ஒரு மணி நேரம் என்று போட்ட கேஸ் நாற்பது நிமிடத்தில் முடிவது அபூர்வம். உள்ளே திறந்து பார்த்த பிறகு மூன்று மணி நேரம் ஆவது சகஜம். சித்தப்பாவின் முதல் தேதி அப்படிப் போனதுதான். அவர் லிஸ்டில் நாலாவது ஆள். இரண்டாவது கேஸ் இழுத்துவிட்டது. மூன்றாவதற்கு முன்னால் ஒரு குடல் ஓட்டைக் கேஸ் நுழைந்தது. மணி மூன்றரை. நாலுக்குப் பிறகு புதிதாக எலெக்டிவ் தொடங்குவதில்லை என்பது அங்கே வழக்கம்.

முப்பத்திரண்டில் ஒன்று

இனி நடைமுறை. அவசரத்துக்கென்று ஒரு தியேட்டரைக் காலியாக வைக்கலாமா?

அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனைக் கதை இந்தத் துறையில் பிரபலம். அங்கே 32 தியேட்டர். எல்லாம் நிரம்பி வழிந்தன. அவசரக் கேஸ் வந்தால் தேதி கொடுத்தவரைத் தள்ளுவது, தள்ளியவருக்கு ராத்திரியில் செய்வது என்று ஊழியர்கள் நொந்துபோயிருந்தார்கள். 2000-களின் தொடக்கத்தில் யூஜின் லிட்வாக் என்ற ஆலோசகரின் யோசனைப்படி ஒரு தியேட்டரை மொத்தமாகத் திடீர் கேஸ்களுக்கு ஒதுக்கினார்கள். ஏற்கெனவே இடமில்லை, இதில் ஒன்றைப் பிடுங்குவதா என்று சர்ஜன்கள் கொதித்தார்களாம். முடிவில் மொத்த ஆபரேஷன் எண்ணிக்கை சுமார் 5 சதவீதம் கூடியது. பிற்பகல் 3 மணிக்கு மேல் நடந்தவை 45 சதவீதம் குறைந்தன.

மாயம் எதுவும் இல்லை. அவசரக் கேஸ்கள் முன்னாலும் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றுக்கான நேரத்தை 32 லிஸ்டையும் கலைத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது கணக்கில் எழுதப்படவில்லை, அவ்வளவுதான்.

இங்கே நிறுத்தினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நேர் எதிரான விடையும் இருக்கிறது. நெதர்லாந்தில் ராட்டர்டாமின் எராஸ்மஸ் மருத்துவமனைத் தரவுகளை வைத்துக் கணினியில் நடத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2007-ல் வெளிவந்தது. அவசரத் தியேட்டரை மூடிவிட்டு, அதற்கு வைத்திருந்த நேரத்தை எல்லா எலெக்டிவ் தியேட்டருக்கும் பிரித்துக் கொடுத்தால், அவசர நோயாளியின் சராசரிக் காத்திருப்பு 74 நிமிடத்திலிருந்து 8 நிமிடமாக இறங்குகிறது என்றது அது. காரணம் எளிது. ஒரே ஒரு அவசரத் தியேட்டர் இருந்து, அதில் ஒரு கேஸ் ஓடினால், அடுத்து வருகிறவர் அது முடியும் வரை நிற்க வேண்டும். பன்னிரண்டு தியேட்டர் ஓடினால், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை ஏதாவது ஒன்றில் ஒரு கேஸ் முடிந்துகொண்டே இருக்கும். அந்த இடைவெளியில் நுழையலாம்.

பந்தியில் சொன்னால், சம்பந்தி வீட்டார் திடீரென வந்தால் என்ன செய்வது என்ற கேள்விதான். ஒருவர் ஒரு வரிசையை முழுதாக விட்டுவைக்கச் சொல்கிறார். இன்னொருவர் ஒவ்வொரு வரிசைக் கடைசியிலும் இரண்டு இலை காலியாக விடச் சொல்கிறார். இருவரில் யாருமே எல்லா இலையையும் நிரப்பிவிடச் சொல்லவில்லை. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை.

நம் பக்கத்து நடுத்தர மருத்துவமனைகளுக்கு எது பொருந்தும்? மூன்று நாலு தியேட்டர் உள்ள இடத்தில் ராட்டர்டாம் வழி கடினம் என்பது என் எண்ணம். இடைவெளிகள் அத்தனை அடிக்கடி வராது. ஒவ்வொரு நுழைவும் தேதி வாங்கிப் பட்டினி கிடக்கும் ஒருவரை வீட்டுக்கு அனுப்பும். மிசௌரி வழியில் நாள் முழுக்க ஒன்றை ஒதுக்குவதும் பெரிய விலை. ஆனால் ஒரு தியேட்டரில் தினமும் காலை நேரத்தை மட்டும், முழு ஆட்களோடு, இரண்டாம் மூன்றாம் படிக்கு ஒதுக்கலாம். ராத்திரி ஒரு மணிக்கு வந்து விடியும் வரை தாங்கக்கூடியவர், தூக்கமில்லாத டாக்டரிடம் அப்போதே போகாமல் காலை ஒன்பதுக்குப் போவார். இடுப்பெலும்பு ஆயாவுக்கும் உறுதியாக ஒரு வரிசை கிடைக்கும்.

பிரசவத்துக்குத் தனித் தியேட்டர் வைப்பது வேறு விஷயம். புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடியில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனி அரசு மருத்துவமனையே இருக்கிறது. அவசர சிசேரியனில் ஒரு குழந்தைக்கு இருப்பது நிமிடங்கள். மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டு காத்திருக்க முடியாதவர்களுக்குத் தனி வரிசை, அது பாதி நேரம் காலியாகக் கிடந்தாலும்.

நாமே உண்டாக்கும் கூட்டம்

விபத்தும் பிரசவமும் நம் கையில் இல்லை. லிஸ்ட் நம் கையில் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், பல இடங்களில் அவசரத்தைவிட லிஸ்ட்தான் அதிகமாக ஏறி இறங்குகிறது. லிட்வாக் அடித்துச் சொல்வது இதைத்தான்.

பெரிய ஆபரேஷன் செய்யும் இரண்டு பிரிவுகளுக்கும் திங்கள், செவ்வாய் கிழமை ஒதுக்கியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் இரவுக்குள் ஐ.சி.யூ. படுக்கை நிரம்பிவிடும். புதன்கிழமை தியேட்டரில் டேபிள் இருக்கும், டாக்டர் இருப்பார், ஆள் இருக்கும். ஆபரேஷன் முடிந்த நோயாளியை அனுப்ப ஐ.சி.யூ.வில் இடம் இருக்காது. கேஸ் தள்ளிப்போகும். வெள்ளிக்கிழமை ஐ.சி.யூ.வில் பாதி காலி. ஒரு பிரிவின் கிழமையை வியாழனுக்கு மாற்றினால் ஒரு செங்கல்லும் வைக்காமல் தீரும் பிரச்சினை. ஆனால் கிழமையை மாற்றுவது தியேட்டர் கட்டுவதைவிடக் கஷ்டம் என்று சிஸ்டர் சிரித்துக்கொண்டே சொன்னார். சீனியர் டாக்டர்களின் கிழமை, குலதெய்வம் மாதிரியாம்.

முதல் நாளே மயக்க மருந்து டாக்டர் நோயாளியைப் பார்த்து பி.பி., சுகர் சரிபார்த்துவிட்டால் காலையில் ரத்தாகும் கேஸ்கள் குறையும். எட்டு மணி என்றால் எட்டுக்கே முதல் கேஸ் டேபிளில் ஏறிவிட்டால் நாலாவது ஆள் தப்பிப்பார். இவை எல்லோருக்கும் தெரிந்தவை, அதிகம் விளக்க வேண்டாம்.

பட்டினி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பொதுவான விதி, மயக்கத்துக்கு முன் இட்லி மாதிரி லேசான உணவுக்கு 6 மணி நேரம், வெறும் தண்ணீருக்கு 2 மணி நேரம் இடைவெளி. சித்தப்பா இரவு பத்திலிருந்து பிற்பகல் மூன்றரை வரை சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. லிஸ்டில் நாலாவது ஆள் என்று முன்பே தெரிந்திருந்தால், தண்ணீர் குடிக்கலாமா என்று காலையில் சிஸ்டரைக் கேட்டிருக்கலாம். அவரவர் உடல்நிலைக்கு ஏற்ப டாக்டர் மாற்றிச் சொல்லலாம்; ஆனால் கேட்பதில் தப்பில்லை.

காலியில் இரண்டு வகை

இப்போது மூன்றாம் நம்பர் அறைக்கு வருவோம். இத்தனை கணக்கையும் சொல்லி, "சித்தப்பா, அது அவசரத்துக்கு விட்டுவச்ச இடம்" என்று பெருமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"விட்டுவச்சிருந்தா லைட்டு எரியணுமே?"

பக்கத்து வீட்டு சிஸ்டரிடம் போய்க் கேட்டேன். "உங்க சித்தப்பா கெட்டிக்காரர்" என்றார். ஒதுக்கி வைத்த தியேட்டர் என்றால் விளக்கு எரியும், மயக்க மருந்து மெஷின் காலையிலேயே சோதிக்கப்பட்டிருக்கும், ஊசி மருந்துகள் லேபிள் ஒட்டித் தட்டில் இருக்கும், ஆட்கள் கையில் வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அணைத்துக் கிடக்கிற அறை ஒதுக்கி வைத்ததில்லை, ஆளில்லாதது. விசாரித்ததில் அதேதான். அன்று மயக்க மருந்து டாக்டர் ஒருவர் லீவு. பதிலுக்கு ஆளில்லை. மூன்றாவதன் லிஸ்டை இரண்டாவதோடு சேர்த்துவிட்டார்கள். சேர்த்ததில் வெளியே விழுந்தவர் சித்தப்பா.

வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். டேபிளில் யாரும் இல்லை. ஆனால் ஒன்று, வராதவருக்காகச் சம்பளம் கொடுத்துக் காத்திருக்கும் இடம். மற்றது வந்தவரைத் திருப்பி அனுப்பும் இடம். முதலாவதைப் பார்த்துக் கத்துகிறோம். இரண்டாவதுக்குக் கட்டடம் கேட்கிறோம்.

மூன்றாவது தேதியில் சித்தப்பாவுக்கு லிஸ்டில் முதல் இடம். எட்டேகாலுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். பதினொரு மணிக்கு வார்டில் கண் விழித்து, சித்தி கூடையிலிருந்து எடுத்த ஈரத்துணியால் முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருக்கும்போது என்னைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"இன்னிக்கு மூணாம் நம்பர்ல லைட் எரிஞ்சுதுடா. டேபிள்ல யாரும் இல்ல. ரெண்டு பேரு ஸ்டூல் போட்டு உக்காந்து ஊர்க்கதை பேசிட்டிருந்தாங்க."